பழங்கருவியும் புதுத்திரையும்

பழம்பொருளைப் போற்றுதல் என்பது யாது? அதனைத் தொடாது வைத்தலா? தொடர்ந்து பயன்படச் செய்தலா? இவ்வினா கோயில் தூணுக்கும் ஓலைச்சுவடிக்கும் மட்டுமே உரியதன்று. முப்பது ஆண்டுகட்கு முன் செய்யப்பெற்ற மடிக்கணினிக்கும் இன்று உரியதாயிற்று. பழைய மடிக்கணினிகளைத் தேடி வாங்கி, மங்கிய திரையைக் கழற்றிவிட்டு, இக்காலத்து ஒளிமிக்க திரையைப் பொருத்தும் ஆர்வலர் பல நாடுகளிலும் உளர். ‘இது கருவிக்கு உயிர் கொடுத்தல்’ என்பர் ஒரு சாரார். ‘இது வரலாற்றை அழித்தல்’ என்பர் மற்றொரு சாரார். இருதிறத்தார் கூற்றையும் நடுநின்று ஆராய்வோம்.

முதற்கண் பழைய திரையின் இயல்பை அறிதல் வேண்டும். 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த தோஷிபா டி1100 என்னும் மடிக்கணினியின் திரை, கிடையில் 640, நெடுக்கில் 200 புள்ளிகளே கொண்டது, வண்ணம் அறியாதது. 1989-இல் ஆப்பிள் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த மெக்கின்டாஷ் போர்ட்டபிளின் திரைக்குப் பின்னொளியே இல்லை; விளக்கின் அருகே வைத்தே எழுத்தைக் காண வேண்டும். 1991-லேதான் பின்னொளியுடன் அதனை மாற்றி வெளியிட்டனர். 1992-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பேட் 700சி, 10.4 அங்குல வண்ணத்திரையோடு வந்தது. இன்று கையடக்கத் தொலைபேசியில் நாம் காணும் தெளிவோடு ஒப்பிட்டால் இவை யாவும் மங்கலே. எனினும், அந்நாளில் இவையே அரிய பெரிய ஆக்கங்கள்.

‘இருந்தவாறே இருக்கட்டும்’ என்பாரை நாம் ஒன்று கேட்கின்றோம்: இருந்தவாறே இருக்க அத்திரை இசையுமா? வண்ணத்திரைகள் பலவற்றிற்குப் பின்னொளி தந்தது மெல்லியதொரு கண்ணாடிக் குழாய். அதனுள் சிறிதளவு பாதரசம் உண்டு. அதனை எரியச் செய்ய நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய் ஒளி குன்றும்; நிறம் திரியும். அன்றியும், நீர்மப் படிகத் திரையின் இருபுறமும் ஒளியை ஒரு தளத்தில் மட்டும் செல்லவிடும் மெல்லேடுகள் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றில் அமைந்த செல்லுலோஸ் அசிட்டேட், வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து காடியின் நாற்றம் வீசும். திரையில் கறைபோலப் படரும். பழைய திரைப்படச் சுருள்களை அழிக்கும் நோயும் இதுவே. ஈரம் மிக்க நம் மலாயாத் தட்பவெப்பத்தில் இக்கேட்டிற்குச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலின், தொடாதிருத்தலே காத்தல் ஆகும் என்பது பிழை. தொடாது வைத்த பொருளும் தானே மாறுகின்றது; நம் பொறுப்பு ஒன்றே அதில் இல்லாது போகின்றது.

நிற்க. மறுதரப்பாரிடத்தும் உண்மை உண்டு. பழைய மடிக்கணினிகள் பலவற்றின் திரையில் சுட்டியின் குறி விரைந்து நகருங்கால் கண்ணுக்குப் புலப்படாது மறையும். படிகம் அத்துணை மெதுவாகவே தன் நிலையை மாற்றிக்கொண்டது. இக்குறை நோக்கியே, 1992-இல் வெளிவந்த விண்டோஸ் 3.1-இல், குறியின் பின்னே நிழல்வரிசை ஒன்று தொடர்ந்து வருமாறு அமைக்கும் வசதி செய்யப்பட்டது. புதுத்திரை பொருத்திய கணினியில் அவ்வசதியைக் காணும் இளைஞன், ‘ஏன் இந்த வீண் அலங்காரம்?’ என்று வினவுவான். பழந்திரையில் கண்டானாயின் வினவான், தானே உணர்வான். குறையும் ஒரு சான்று என்பது இதனால் விளங்கும். திரையை மாற்றுங்கால் அச்சான்று நீங்குகின்றது என்பதை மறுத்தல் நேர்மையன்று.

அவ்வாறாயின் முடிவு யாது? ஏதன்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலைக் காத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தனர் என்றும், அஃது அதே கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் என்னும் கிரேக்கர் எழுதியுள்ளார். தோட்டத்து மக்களுக்கு இவ்வாதம் புதிதன்று. மண்வெட்டிக்குப் பிடி இருமுறை மாற்றியவன், அதனைத் தன் தந்தையின் மண்வெட்டி என்றே சொல்வான். அதில் பொய்யில்லை, ஏனெனில் பிடி மாறியதை எவர்க்கும் அவன் ஒளிக்கவில்லை. அதே மண்வெட்டியைப் பழம்பொருள் விரும்புவாரிடம் காட்டி, ‘பிடியும் அந்நாளையதே’ என்று கூடுதல் விலை வாங்குவானாயின் அவன் வஞ்சகன். பொருள் இரண்டு இடத்தும் ஒன்றே, வேறுபட்டது சொல். எனவே, ‘இஃது அதே பொருள்தானா?’ என்பதினும் ‘இதனைப் பெறுவோனுக்கு நீ என்ன சொன்னாய்?’ என்பதே அறத்தின் வினா என்று நாம் துணிகின்றோம்.

இத்துணிபினின்று மூன்று கடமைகள் பிறக்கும். முதலாவது, பொருளின் அருமையை எடைபோடுதல். பழுதின்றி இயங்கும் திங்க்பேட் 700சி போன்ற அரிய கருவியை மாற்றாது, காக்கத் தெரிந்தாரிடம் ஒப்புவித்தல் நலம். மாறாக, 2007-இல் திரளாக வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்61-ஐ மாற்றுவதால் எச்சான்றும் அழியாது. சீன நாட்டு ஆர்வலர் குழுவொன்று அதன் கூட்டிற்குப் புதிய தாய்ப்பலகையே செய்து தந்தது. பயன்பாட்டினின்று நீங்கவிருந்த கருவிகள் மீண்டும் எழுத்துப்பணிக்கு உதவின. கண்ணை வருத்தும் திரையின்முன் ஒருவன் இரவெல்லாம் அமர்ந்து படிக்க வேண்டும் என்று எந்த வரலாறும் கேட்கவில்லை.

இரண்டாவது, மீட்கும் வழியை அடைக்காமை. கூட்டை அறுத்தும் துளைத்தும் பொருத்தாது, பழையதை மீண்டும் ஏற்றக்கூடியவாறு பொருத்துக. கழற்றிய திரை நல்ல நிலையில் இருப்பின் குறிப்பெழுதிச் சேமித்து வைத்திடுக. கெட்டதாயின் குப்பையில் எறியற்க; அதனுள் பாதரசம் உண்டென்பதை மறவற்க. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிகள் இத்தகைய மின்கழிவை எஸ்.டபிள்யூ. 110 எனத் தனியே வகுத்துள்ளன. சிங்கப்பூரிலும் 2021 சூலை முதல் மின்கழிவைத் திரட்டுவதற்கு முறைப்படுத்திய ஏற்பாடு உண்டு. தன் மேசை ஒளிபெறுவதற்காகப் பிறர் குடிக்கும் நீரில் நஞ்சு கலக்கவிடுதல் சீர்திருத்தம் ஆகாது.

மூன்றாவது, உள்ளதை உரைத்தல். விற்பினும் கொடுப்பினும், எது பழையது, எது புதியது என எழுதிக் கொடுத்திடுக. விலை சற்றுக் குறையலாம், குறையட்டும்.

பழையது என்பதனால் ஒன்று புனிதமாகிவிடாது; புதியது என்பதனால் நல்லதும் ஆகிவிடாது. மனிதனுக்கு அது செய்யும் பணியையும், வருங்காலத்தார்க்கு அது கூறும் சான்றையும் சீர்தூக்கி, அதன்பின் திருகாணியில் கைவைத்தலே அறிவுடையார் செயல். அன்பர்காள்! நும் வீட்டுப் பரணில் உறங்கும் பழைய கணினியை இக்கண்கொண்டு ஒருமுறை நோக்குமின்.