பள்ளியின் கடைசி ஆண்டு யாருடையது?



நம் பங்கில் அநேக குடும்பங்களுக்கு இன்று அமெரிக்காவில் ஒரு கிளை உண்டு. சென்ற ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு பாட்டியார் தம் பேத்தியைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டார். வாஷிங்டன் மாகாணத்தில் இருக்கும் அந்தப் பெண் வரும் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டியவள். ஆனால் அவள் பள்ளிக்கூடத்தில் உட்காராமல், பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய்ப் பாடம் கேட்கப் போகிறாளாம். அந்தப் பாடங்கள் பள்ளிக் கணக்கிலும் சேருமாம், கல்லூரிக் கணக்கிலும் சேருமாம். "தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா? பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன அவசரம்?" என்றார் பாட்டியார். கேள்வி அவர் வீட்டோடு நிற்பதன்று. ஆகையால் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

முதலில் அந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணம் 1985-ம் ஆண்டில், ரூடி பெர்பிச் ஆளுநராயிருந்த காலத்தில், இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்பு மாணாக்கர் கல்லூரியில் பாடம் கேட்கலாம். சம்பளமும் புத்தகச் செலவும் குடும்பத்தின் தலையில் விழாது. வாஷிங்டன் மாகாணம் 1990-ல் 'ரன்னிங் ஸ்டார்ட்' என்னும் பெயரில் இதையே கொண்டுவந்தது. அங்கே கல்லூரிச் சம்பளம் கிடையாது. புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் பொதுவாகப் பெற்றோர் பொறுப்பு. இரண்டு ஆண்டும் முழு நேரமாய்க் கல்லூரியிலேயே படிக்கிற பிள்ளை, பள்ளிப் படிப்பை முடிக்கும் அதே கோடையில் ஈராண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் கையில் வாங்கிவிடலாம்.

பாட்டியாரிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "நீங்கள் பி.யூ.சி. சேர்ந்தபோது உங்களுக்கு எத்தனை வயது, அம்மா?" அவர் சற்றே சிரித்துவிட்டு, "பதினாறு" என்றார்.

இளையவர்களுக்கு இது விளங்காது. அந்நாளில் நம்மிடத்தில் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் அடுத்த ஓராண்டைக் கல்லூரியில் பி.யூ.சி. என்று படித்தார்கள். பதினாறு வயதில் ஊரை விட்டு, விடுதியில் தங்கி, தமிழில் படித்த பாடத்தை இங்கிலீஷில் கேட்டுத் திகைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பிறகு 1978-ல் மேல்நிலை வகுப்புகள் வந்தன. கல்லூரியிலிருந்த படிப்பு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகளின் வயது மாறவில்லை; கட்டடந்தான் மாறிற்று. ஆகவே, பதினாறிலோ பதினேழிலோ கல்லூரி வாசலை மிதிப்பது இயற்கைக்கு விரோதம் என்று நாம் சொல்லத் துணிய முடியாது. பள்ளி இங்கே முடிகிறது, கல்லூரி இங்கே தொடங்குகிறது என்ற கோடு அரசாங்க உத்தரவு போட்ட கோடுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று தேறினவர்கள் யாவரும் சேர்ந்தே அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். இன்று வாஷிங்டனில் ஒரு பிள்ளை தாண்டுகிறாள். அவளுடைய தோழிகள் இப்பால் நிற்கிறார்கள். ஏன் தாண்டுகிறாள் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவிலேயே இதற்கு முன்னும் பலர் இந்தக் கோட்டைத் தாண்டச் செய்திருக்கிறார்கள். 1951-ல், கொரியா யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஃபோர்டு அறநிலையத்தின் பண உதவியோடு சிகாகோ, கொலம்பியா, யேல், விஸ்கான்சின் சர்வகலாசாலைகள் பள்ளியை முடிக்காத பையன்களைச் சேர்த்துக்கொண்டன. பட்டாளத்துக்கு அழைப்பு வருமுன் கொஞ்சமாவது கல்லூரிக் கல்வி கிடைக்கட்டும் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். எலிஸபெத் பிளாட்ஜெட் ஹால் என்ற அம்மையாரோ, ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாயிருந்து கண்ட அநுபவத்தில், பள்ளியின் கடைசி ஆண்டுகள் பல பெண்களுக்கு வீணாகின்றன என்று எண்ணி, 1966-ல் மாஸசூஸெட்ஸில் 'சைமன்ஸ் ராக்' என்னும் கல்லூரியைத் திறந்தார். செயல் ஒன்றுதான். முன்னதில் அவசரம் யுத்தத்துடையது. பின்னதில் பசி பிள்ளையினுடையது. என் மனத்தில் நிற்கிற கேள்வியும் இதுவே: உங்கள் பேத்தி விஷயத்தில் அவசரப்படுகிறவர் யார்?

பெரும்பாலும் பணம் என்பார்கள். இதை ஏளனம் செய்யலாகாது. அமெரிக்காவில் கல்லூரிச் சம்பளம் ஒரு குடும்பத்தைக் கடனில் அமிழ்த்திவிடக் கூடியது. இரவு வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய், "ஓராண்டுச் சம்பளம் மிச்சம்" என்று சொன்னால், அதில் பேராசை எங்கே இருக்கிறது? சிக்கனம் குற்றமன்று. ஆனால் வசதியுள்ள வீடுகளிலும் இதே பேச்சு நடக்கிறது. அங்கே மிச்சப்படுவது பணமன்று, 'காலம்' என்கிறார்கள். காலத்தை மிச்சம்பிடித்து எந்தப் பெட்டியில் பூட்டுவது? இருபத்திரண்டில் முடியும் படிப்பு இருபத்தொன்றில் முடிந்தால், மிஞ்சிய ஆண்டை அந்தப் பெண் என்ன செய்யப்போகிறாள்? இதற்கு விடை வைத்திருக்கிற தகப்பனார் குறைவு. அடுத்த வீட்டுப் பிள்ளையை முந்திவிட்டாள் என்பதோடு பலருக்குக் கணக்கு முடிந்துபோகிறது.

கணக்குப் பார்ப்பவர்கள் கணக்கை முழுவதுமாய்ப் பார்க்கட்டும். பதினேழு வயதில் கல்லூரியில் வாங்கும் மதிப்பெண், கல்லூரிப் பதிவேட்டில் என்றைக்கும் நிற்கும். பின்னால் மருத்துவப் படிப்புக்கு மனுப் போடும்போது, பள்ளி நாளில் கேட்ட கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண்ணையும் காட்டியே தீரவேண்டும். மாகாணத்துச் சர்வகலாசாலை ஏற்றுக்கொள்ளும் பாடத்தைத் தனியார் சர்வகலாசாலைகள் சில ஏற்பதில்லை.

இனி, அந்தப் பெண் அங்கே என்னத்தைக் காண்பாள் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஏற்பாட்டில் பிள்ளைகள் சேருவது பெரும்பாலும் ஊர்ப்பொதுக் கல்லூரிகளில். பள்ளி வகுப்பில் எல்லாரும் ஒரே வயது. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கவலை. இங்கேயோ ஒரு பக்கத்தில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர் உட்கார்ந்திருப்பார். மறுபக்கத்தில், குழந்தையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வேலையிலிருந்து நேரே வந்த ஒரு தாய். முப்பத்தைந்து வயதில், விட்ட படிப்பைத் திரும்பப் பிடிக்க வந்தவள் அவள். பாடத்தில் ஒரு வரியும் அவள் தவறவிடமாட்டாள்; ஏனெனில் அந்த நாற்காலிக்கு அவள் கொடுத்த விலை பெரிது. அவளருகே ஒரு பருவம் உட்கார்ந்தெழுந்த பெண்ணுக்குப் படிப்பைப் பற்றி நாம் செய்யும் பிரசங்கங்கள் வேண்டியதில்லை. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். விளம்பரத் தாள்களில் இதை யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்றும் உண்டு, பெற்றோருக்கு இது கசக்கும். அங்கே 1974-ம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணாக்கரின் பதிவேட்டின்மேல் உரிமை, வயது எதுவானாலும், அந்த மாணாக்கரையே சேரும். சில விலக்குகள் இருந்தபோதிலும், பேராசிரியருக்குப் போன் செய்து "என் மகள் எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்டு விடை பெறுவது எளிதன்று. பிள்ளையை ஓராண்டு முந்தி அனுப்புகிறவர்கள், பிள்ளையின்மேல் வைத்திருக்கும் பிடியையும் ஓராண்டு முந்தித் தளர்த்தவேண்டும். முதலதை விரும்பி இரண்டாவதை விரும்பாத தகப்பனார்களை நான் கண்டிருக்கிறேன்.

பின்னால் விட்டுவரும் பள்ளிக்கு ஒன்றும் கடன் இல்லையா என்றும் கேட்கலாம். பிள்ளையின் பெயரால் பள்ளிக்கு வரவேண்டிய அரசுப் பணத்தில் பெரும்பகுதி அவளோடு கல்லூரிக்குப் போய்விடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் போய்விட்டால், கடினமான பாடங்களை நடத்த ஆசிரியருக்கு வகுப்பே கூடாது. கடைசி வகுப்புப் பெண்ணைப் பார்த்துப் படிக்கிற கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பார்க்க ஆளில்லை. இது மெய்யான நஷ்டம். ஆயினும் ஒரு பள்ளிக்கூடத்தைத் தாங்கும் தூணாக ஒரு பிள்ளையை நட்டு வைக்க நமக்கு உரிமையுண்டு என்று நான் எண்ணவில்லை. நாடகத்திலோ, பந்தாட்டத்திலோ, பாடகர் குழுவிலோ அவளுடைய இருதயம் அங்கேயே இருக்குமானால் இருக்கட்டும்; பாதி நேரம் இங்கும் பாதி நேரம் அங்கும் படிக்கவும் இடமுண்டு. பள்ளியில் கற்கவேண்டியதைக் கற்று முடித்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அவளை அங்கே பிடித்து வைப்பதுதான் எனக்கு வீணாகப் படுகிறது.

பாட்டியார், "அப்படியானால் போகச் சொல்லவா, வேண்டாமென்று சொல்லவா?" என்றார். இரண்டும் வேண்டாம் என்றேன். சேர்க்கைத் தாளில் பிள்ளை கையெழுத்துக்கு ஓரிடமும், பதினெட்டு நிரம்பாதவளாகையால் பெற்றோர் கையெழுத்துக்கு ஓரிடமும் இருக்கும். பேனாவை முதலில் அவள் கையில் கொடுத்துவிட்டு, அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் யாரும் பேசாமல் அவள் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள். அவள் கையெழுத்துப் போடாமலே எழுந்துபோனாலும் அந்தத் தாளை இரண்டு நாள் அப்படியே விட்டு வைக்கட்டும்.