அவனுக்குத் தாங்காது என்று சொன்ன பொய்

மார்க் ஹாடனின் 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட் டைம்' 2003இல் இங்கிலாந்தில் சிறுவருக்கு ஒரு பதிப்பாகவும் பெரியவருக்கு ஒரு பதிப்பாகவும் வெளிவந்தது. ஸ்விண்டன் நகரத்துச் சிறுவன் கிறிஸ்டோபருக்கு 15 வயது. அண்டை வீட்டு நாயைக் கொன்றது யார் என்று துப்பறிகிறான். கதைக்குள் அவன் நிலைக்குப் பெயர் சூட்டப்படவில்லை. ஆட்டிசம் என்று படிப்பவர்கள் கண்டுகொள்கிறார்கள்.

மர்மத்தை உடைக்காமல் மேலே பேச முடியாது. கொன்றவர் அவனுடைய அப்பாவே. அதைவிடப் பெரிய குற்றம் அலமாரியில் ஒரு சட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. மாரடைப்பில் செத்துவிட்டதாக அவர் சொன்ன அம்மா, லண்டனிலிருந்து மகனுக்கு எழுதிய கடிதங்கள் அதில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன.

அப்பா கொடியவரல்லர். மனைவி போன பின் தனியாளாக மகனை வளர்க்கிறவர். கட்டியணைத்தால் மகனுக்கு ஆகாது என்பதால், விரல்களை விசிறிபோல் விரித்து அவன் விரல்நுனிகளைத் தொடுகிறார். அதுதான் அவர்களுடைய அணைப்பு. மனைவி போனதைப் பற்றி மகனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் முதலில் ஒரு பொய்யைச் சொன்னார். பிறகு மாற்ற முடியவில்லை.

குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையோடு சேரும் என்கிறார் வள்ளுவர். இந்தப் பொய்யால் யாருக்கு நன்மை? மனைவி ஏன் போனாள் என்று மகனுக்கு விளக்கும் சங்கடத்திலிருந்து அப்பா தப்பித்தார். மகனுக்கோ உயிரோடிருக்கும் தாய் இல்லாமல் போனாள். பிள்ளையின் மனம் தாங்காது என்று பெரியவர்கள் சொல்லும்போது, தாங்காதது பெரும்பாலும் அவர்கள் மனம்தான். பேச்சைச் சொல்லுக்குச் சொல் நம்புகிற பிள்ளையிடம் இது இன்னும் அநியாயம். குரலையும் முகத்தையும் வைத்துச் சந்தேகப்படும் வழி அவனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

உண்மையும் வலிக்கும்தான். கடிதங்களைப் படித்ததும் கிறிஸ்டோபர் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கிறான். ஆனால் அவனை வீட்டைவிட்டு ஓடவைத்தது தாய் உயிரோடிருக்கும் செய்தி அல்ல. நாயைக் கொன்ற, பொய் சொன்ன அப்பா தன்னையும் கொல்வார் என்ற பயம். கூட்டமும் இரைச்சலும் ஆகாத அவன் தனியாக ரயிலேறி லண்டன் போய்ச் சேர்கிறான். அவனுக்கு என்ன தாங்கும் என்று அப்பா போட்ட கணக்கே தப்பு.

இழந்த நம்பிக்கையை எத்தனை காலமானாலும் சம்பாதிப்பேன் என்று அப்பா கடைசியில் மகனிடம் சொல்கிறார். மகன் மன்னித்துவிட்டதாக ஹாடன் எழுதவில்லை. எழுதாமல் விட்டதே நியாயம்.