இறப்பர் விலையும் நீதியும்

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அன்று பேரும் இல்லை. எட்டியாந்தோட்டையிலோ ருவன்வெல்லையிலோ உள்ள குடும்பங்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பால் நன்றாகச் சுரந்த காலத்திலும் வீட்டில் குறை தீராதிருப்பது ஏன்? உலகச் சந்தையில் விலை விழுந்துவிட்டது என்பார்கள். விலையும் மழையைப்போல மனிதர் கைக்கு அப்பாற்பட்டதுதானா?

கேகாலை மாவட்டத்தார் மறக்கக் கூடாத வரலாறு ஒன்றுண்டு. கொரியப் போர்க்காலத்தில் உச்சத்துக்கு ஏறிய இறப்பர் விலை, 1952இல் சரிந்து கிடந்தது. அரிசியோ கிடைப்பதற்கு அரிதாகி, விலையும் ஏறிவிட்டது. மறுபுறம், 1951இல் ஐக்கிய நாடுகள் சபை விதித்த தடையினால் சீனாவுக்கு இறப்பர் கிடைக்கவில்லை. இலங்கை அப்போது அச்சபையில் உறுப்பு நாடன்று. 1952 டிசம்பரில் இரு நாடுகளும் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் அங்கே, 270,000 தொன் அரிசி இங்கே. இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடிய விலை கிடைத்தது. கையெழுத்திட்டது பொதுவுடைமையை எதிர்த்துவந்த டட்லி சேனநாயக்கவின் அரசு! அமெரிக்கா சினந்து பொருளுதவியை மறுத்தது. சுதந்திர வர்த்தகத்தின் பெருமையை உலகுக்குப் போதித்தவர்கள், ஓர் ஏழை நாடு தன் சரக்கைத் தானே விற்றபோது சினந்தது வேடிக்கைதான்.

ஆக, விலையை மனிதர்தாம் தீர்மானிக்கிறார்கள். அப்படியானால் அதில் நீதி உண்டா என்று கேட்கவும் வேண்டும். தொழிலாளி ஒப்புக்கொண்டான் என்பதனாலேயே கூலி நீதியானதாகிவிடாது என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் போதித்தார். அதே அளவுகோலை நாடுகளின் வர்த்தகத்துக்கும் வைத்தவர் 6ஆம் சின்னப்பர், ஆண்டு 1967. பசியோடு நிற்பவன் எந்த விலைக்கும் 'சரி' என்பான். அதைச் சுதந்திரச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

வர்த்தகமே தீது என்று நாம் கூறவில்லை. 1978க்குப் பின் சீனாவில் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து எழுந்ததில் ஏற்றுமதிக்குப் பெரும் பங்குண்டு. இறப்பரைத் தின்று யாரும் உயிர்வாழவும் முடியாது. விற்றுத்தான் ஆக வேண்டும்.

எனினும், நாட்டுக்குக் கிடைத்த நல்ல விலை பால்வெட்டும் தொழிலாளிக்கு நீதியாக வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அதுவே கடினமான கேள்வியும்கூட. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1952 மே மாதத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. அவர்கள் வெட்டிய பாலைப் பீக்கிங்கில் விலை பேசிய அரசுக்கு, அவர்களிடம் பதில் சொல்லும் அவசியம் இருக்கவில்லை. அந்த ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.