வழக்குரைத்த தாயும் விசாரியாத மன்னனும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே வைகாசி பிறந்துவிட்டால் அடியார்களின் பேச்செல்லாம் வற்றாப்பளை அம்மன் பொங்கலைப் பற்றியதாகவே இருக்கும். முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தமெடுத்து, அந்த உப்புநீரிலே விளக்கெரித்து, நந்திக்கடலோரத்திலே பொங்கிப் படைத்து, மழை வேண்டுமென்றும் பிள்ளைகளுக்கு நோய்நொடி வரக்கூடாதென்றும் வேண்டிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தாய் மானிடப் பெண்ணாய் மதுரைக்குச் சென்று மன்னனிடம் கேட்டது மழையையோ செல்வத்தையோ அன்று. தன் கணவன் கள்வனா இல்லையா என்பதை விசாரிக்கும்படியே கேட்டாள். சிலப்பதிகாரத்தில் அந்தப் பகுதிக்கு வழக்குரை காதை என்று பெயர். ஈழத்திலே எழுந்த காவியத்துக்கும் கண்ணகி வழக்குரை என்றே பெயர். ஒரு நீதிமன்ற வழக்கைத் தெய்வத்தின் கதையாக ஓதி வழிபடுவது இந்த மண்ணின் தனிச்சிறப்பு எனலாம்.

அந்த வழக்கை இன்றைய நீதிமன்ற முறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பல விடயங்கள் புலப்படும். கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருந்த பொற்கொல்லன் தன் பழியை அவன் மேல் போடுகிறான். பாண்டியனோ ஊடல் கொண்ட தேவியைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரத்தில் இருக்கிறான். களவு போன சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரும்படி காவலரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். முறைப்பாடு செய்தவனே சாட்சியும் ஆகிவிட்டான். எதிரிக்குக் குற்றச்சாட்டு இன்னதென்றே தெரியாது. சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் என்றுதான் காவலரைப் பொற்கொல்லன் அவனுக்கு அறிமுகப்படுத்துகிறான்.

மன்னனின் பிழையை எல்லாரும் அறிவர். கூத்திலே அந்தக் கட்டம் வரும்போது பெண்கள் கண்ணீர் விடுவதும் உண்டு. அதிகம் பேசப்படாதது காவலரின் நிலை. கொலைக்களக் காதையிலே இளங்கோவடிகள் அதனை மிக நுட்பமாகக் காட்டியிருக்கிறார். கோவலனைக் கண்ட காவலரில் ஒருவன், இவனுடைய தோற்றமும் இருப்பும் கொலைத்தண்டனைக்குரிய மனிதனுடையதல்ல என்று சொல்கிறான். பொற்கொல்லன் சிரிக்கிறான். கள்வர் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டையும் துணைக்கொண்டு திரிவர் என்று பெரிய வித்துவானைப்போல விரிவுரை நிகழ்த்துகிறான். இளைஞன் ஒருவன் மழைக்கால இரவொன்றிலே கள்வன் ஒருவன் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மாயமாய் மறைந்த கதையைச் சொல்கிறான். அவர்கள் செயல் அறிதற்கரியது, அரசனும் தண்டிப்பான், ஆகையால் ஏதாவது ஒரு வழி சொல்லுங்கள் என்று முடிக்கிறான். அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டு நிற்கும்போதே கல்வியறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இந்தக் காவலரில் எவரும் கொடியவர் அல்லர். ஐயப்பட்டவனும் இருந்தான், அஞ்சியவனும் இருந்தான். ஆனால் ஐயத்தை மன்னனிடம் கொண்டுசெல்லத் துணிந்தவன் இருக்கவில்லை. ‘நான் சொன்னதைத்தான் செய்தேன்’ என்பது எக்காலத்துக் கந்தோர்களிலும் கேட்கும் வார்த்தை. கடமை என்பது மேலதிகாரிக்குக் கீழ்ப்படிவது மாத்திரமே என்று எண்ணிக்கொண்டு ஓய்வூதியம் வரை காலத்தைக் கழித்தவர்கள் பலர். ஐயமுள்ள இடத்தில் கோவையிலே ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினால் பெரிதாக ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. அந்த ஒரு குறிப்பு மதுரையிலே எழுதப்படவில்லை.

கடமையைப் பற்றி ஆராய்ந்த ஜேர்மனிய அறிஞர் இம்மானுவேல் கான்ட் (1724–1804), மனிதன் எவனையும் இன்னொரு நோக்கத்துக்கான வெறும் கருவியாகப் பயன்படுத்தக்கூடாது என்றார். அவருக்குச் சற்றுப் பின் வந்த ஆங்கிலேயரான ஜெரமி பெந்தம் (1748–1832), பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் நன்மையைக் கொண்டே ஒரு செயலை அளக்கவேண்டும் என்றார். இரண்டு கொள்கைக்கும் நியாயம் உண்டு. ஊரிலே களவு மலிந்து சனங்கள் நித்திரையின்றித் தவிக்கும்போது பொலிஸார் எவரையாவது பிடித்து அடைத்தால் போதும் என்று ஊரவரே சொல்வதுண்டு. அந்நேரம் பெந்தத்தின் கணக்குச் சரியானது போலத் தோன்றும். பிடிபட்டவன் தன் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் மாத்திரம் கான்ட் சொன்னது விளங்கும்.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சிலப்பதிகாரத்திலேயே சான்று இருக்கிறது. கோவலன் கொலையுண்டபின் பாண்டிநாடு மழையின்றி வறுமையுற்று நோயால் வருந்தியது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்றும், அதன்பின் மழை பொழிந்தது என்றும் காவியத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. பொய் சொன்னவன் ஒரு தட்டான். பலியானவர் ஆயிரம் பேர். நாட்டுக்கு மழை கிடைத்ததென்றால் பெந்தத்தின் கணக்கிலே அது இலாபமாகக்கூடும். ஆனால் அந்த ஆயிரம் குடும்பங்களிலும் ஆயிரம் கண்ணகிகள் இருந்திருப்பார்கள் அல்லவா?

அதே உரைபெறு கட்டுரை இலங்கையையும் பேசுகிறது. கடல் சூழ்ந்த இலங்கையின் கயவாகு மன்னன் இச்செய்தியைக் கேட்டுத் தேவிக்குப் பலிபீடம் அமைத்து ஆடித்திங்களில் விழா எடுத்தான். இங்கும் மழை பொழிந்து விளைவு பெருகிற்று. இங்கே மனிதர் எவரும் பலியிடப்பட்டதாகச் சொல்லப்படவில்லை. ஆயிரம் உயிரைக் கொடுத்துப் பாண்டியன் பெற்ற மழையை விழாவெடுத்தே இலங்கை பெற்றுக்கொண்டது. அப்படியானால் அந்த ஆயிரம் பேரின் இரத்தத்தை அம்பாள் கேட்டாளா என்பது அடியார்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய கேள்வி. மதுரையை எரித்தபோதுகூட அறவோரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுத் தீயோர் பக்கமே செல்லும்படிதான் அவள் அக்கினியைப் பணித்தாள். பொங்கிய கோபத்திலும் குற்றவாளியையும் குற்றமற்றவரையும் அவள் பிரித்துப் பார்த்தாள்.

வன்னி மக்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. போர்க்காலத்துச் சுற்றிவளைப்புகளை வடபகுதியிலே அறியாதவர் இல்லை. ஊர்ச்சனத்தை ஓரிடத்தில் கூட்டி வரிசையாக நடக்கவிடுவார்கள். முகத்தை மூடிய ஒருவர் இருப்பார். அவருடைய தலை அசைந்தால் அந்த இளைஞன் போகவேண்டியதுதான். சனங்கள் அவருக்குத் ‘தலையாட்டி’ என்று பெயர் வைத்தார்கள். பொற்கொல்லனாவது தன் முகத்தைக் காட்டிக்கொண்டு பொய் சொன்னான். தலையாட்டியை எவரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அவரும் தன் உயிருக்குப் பயந்தே தலையை ஆட்டியிருக்கலாம் என்பதையும் மறந்துவிடலாகாது. ஊருக்குள்ளே கோபதாபத்தால் அயலவனைக் காட்டிக்கொடுத்த சொற்களும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

நாட்டின் சட்டத்திலும் இந்த இழுபறி உண்டு. குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுத்தவாளி என ஊகிக்கப்படவேண்டும் என 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13(5) ஆம் உறுப்புரையில் கூறுகிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்பது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதி. அடித்தால் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதை வெள்ளைக்காரன் காலத்திலேயே அறிந்திருந்தார்கள். ஆனால் 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்ள இடமளித்தது. அது சுயமாகக் கொடுக்கப்படவில்லை என்று காட்டும் சுமையையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. நாட்டின் பாதுகாப்பு என்ற பெரும் நன்மைக்காக என்று காரணம் கூறப்பட்டது. பூட்டிய அறைக்குள் நடந்ததை அகப்பட்டவன் எந்தச் சாட்சியைக் கொண்டு நிரூபிப்பான்?

அதற்காக இரக்கம் ஒன்றே நீதியாகிவிடாது. கசிப்புக் காய்ச்சுபவனும் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் விற்பவனும் பிடிபட்டவுடன், பிணையெடுத்துத் தாருங்கள் என்று கோயில் பெரியவர்களிடம் வந்து நிற்பார்கள். குற்றம் மெய்ப்பட்டவனைத் தண்டிப்பது அரசின் கடன். பயிரைக் காக்கக் களை பிடுங்குவதை எந்தக் கமக்காரனும் பாவமென்று சொல்லமாட்டான். ஆனால் நெல்லுக்கும் கோரைக்கும் வேறுபாடு தெரியாதவனை அவன் வயலுக்குள் இறக்கவும் மாட்டான்.

மதுரையில் அந்த வேறுபாடு பிந்தியே தெரிந்தது. பாண்டியனின் தேவியுடைய சிலம்பில் முத்து. கண்ணகி உடைத்த சிலம்பில் மாணிக்கம். அந்தப் பரலைக் கண்டதும் மன்னன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை, காவலர் மேலே பழியைப் போடவில்லை. தானே கள்வன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு சிங்காசனத்திலேயே உயிரை விட்டான். வளைந்த கோலை அவனது உயிர் நிமிர்த்தியது என்று சேரன் செங்குட்டுவன் பாராட்டியதாகக் காவியம் சொல்கிறது. நிமிர்ந்தது கோல்தான், கோவலன் எழுந்து வீட்டுக்குத் திரும்பவில்லை.

‘இவன் கொலைக்குரியவன் அல்லன்’ என்று முதலில் சொன்ன அந்தக் காவலனுக்கு இளங்கோவடிகள் பெயர் வைக்கவில்லை. கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாயிலுக்கு வந்த வேளையில் அவன் எங்கே நின்றான் என்றும் எழுதவில்லை.