அட்டவணையில் இல்லாதது

ஊனத்தைக் கண்ணால் தீர்மானித்துப் பழகியவர்கள் நாம். 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இந்தப் பழக்கத்துக்கு எண்கள் கொடுத்தது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீத இழப்பு, சுட்டுவிரலுக்கு 14, முழுச்செவிடு 100. வாசனை அறியும் சக்திக்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

2021 மே மாதம், கோவிட்டின் இரண்டாம் அலையில், ஒரகடம் ரெனோ-நிஸான் ஆலைத் தொழிலாளர்கள் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். வேலைக்கு வர மறுத்தார்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. அன்றைய பயம் மரணத்தைப் பற்றியது. பிழைத்தவனிடம் வைரஸ் எதை விட்டுச் செல்கிறது என்பது பிறகு எழுந்த கேள்வி.

மூக்கின் உச்சியில் வாசனை நரம்புகளைத் தாங்கி நிற்கும் செல்களை அது தாக்குகிறது, வாசனை போய்விடுகிறது. பெரும்பாலோருக்குத் திரும்புகிறது, சிலருக்கு இல்லை. இன்னும் சிலருக்கு ஞாபகம் நழுவுகிறது, கவனம் நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வகுத்த வரையறையில் இந்த மந்தமும் இடம்பெற்றது. பெயர் கிடைத்தது, சதவீதம் கிடைக்கவில்லை.

கருகும் ஒயரின் வாடை தெரியாமல், ஓடும் லைனில் நிற்கிறவன் "முன்போல் இல்லை" என்கிறான். காட்டு என்றால் காட்ட ஒன்றுமில்லை. பிரச்னை இங்கே வைத்தியத்திலிருந்து அறத்துக்கு மாறுவதாக எனக்குப் படுகிறது. விரல் இழந்தவன் அதைச் சொல்ல விரல் தேவையில்லை. மூளை மந்தப்பட்டவனோ தன் மந்தத்தை அதே மூளையால்தான் விவரிக்க வேண்டும். தடுமாறிச் சொன்னால் நடிப்பு என்கிறோம். தெளிவாகச் சொன்னால், நன்றாகத்தானே இருக்கிறாய் என்கிறோம். எப்படிச் சொன்னாலும் தோற்கிற சாட்சியம் இது.

நடிப்பவனும் இருப்பான் என்பது உண்மை. அவனை நம்பினால் நஷ்டம், சில நாள் இலகுவான வேலை. உண்மை சொன்னவனை நம்பாவிட்டால் நஷ்டம் அவன் கையாக இருக்கலாம். அப்போது அட்டவணை விழித்துக்கொண்டு சதவீதம் சொல்லும். இரண்டு தவறுகளும் ஒரே எடை அல்ல. ஆகவே நிரூபிக்கும் பாரம் மறுப்பவன் மேல் விழுவதே நியாயம்.

இந்த நியாயமும் வாய் திறந்தவனுக்கு மட்டுந்தான். சுங்குவார்சத்திரத்தில் விடுதியில் தங்கி ஃபோன் பூட்டும் ஒப்பந்தப் பெண், நாளை தன் இடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்று தெரிந்தும் சொல்வாளா? அவள் மௌனத்தை நாம் ஆரோக்கியம் என்று கணக்கெழுதிக்கொள்கிறோம்.