ஆடுகளத்தில் அகிம்சை



உதகை, குன்னூர் மைதானங்களிலும் தேயிலைத் தோட்டத் திடல்களிலும் நம் சிறார் பந்தாடுகின்றனர். எல்லைக்கோட்டருகே நின்று "அடி, விடாதே!" என்று கூவும் பெற்றோராகிய நாம் கை ஓங்குவதில்லை, ஆயினும் குற்றமற்றவரோ?

மனம், மொழி, மெய் மூன்றாலும் செய்தல், செய்வித்தல், உடன்படல் என ஒன்பது வழிகளில் இம்சை நிகழும் என்பது நம் அறநூல்களின் முடிபு. ஏவியவர் செய்வித்தவரே. தோற்ற பிள்ளையைப் பயிற்சியாளர் அறையக் கண்டும் வாளாவிருந்தவர் உடன்பட்டவரே.

2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் விலக்கியது. சிறார்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதனைத் தெரிவித்தல் கடமை என்கிறது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். 1098 என்னும் தொலைபேசி எண் குழந்தைகளுக்காகவே உள்ளது. "அணியின் பெயர் கெடும்" என்று மறைப்பது அருளாகாது.

ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் "வென்றாயா?" என்னுமுன், "எவரேனும் உன்னை நோகச் செய்தனரா?" என்று வினவுவோம். இல்லறத்தார் ஏற்ற அகிம்சை அணுவிரதம் அங்கும் நம்மைத் தொடர்வதாகுக!