காட்டும் மகவும் சுமக்கும் தோளும்

பிறநாட்டிற் குடியேறிய குடும்பங்களில், பிள்ளைகள் தம் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளராய் நிற்கும் வழக்கம் எங்கும் காணப்படுகின்றது. இஃது அறத்தொடு பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். சிலர் இதனைப் பிள்ளையின் கெட்டித்தனமென்று மெச்சுவர். சிலர் தந்தையின் மதிப்புக்கு நேர்ந்த இழுக்கென்று வருந்துவர். இவ்விருதிறத்தாரும் காணவேண்டிய இடத்தைக் காணாது அயலே நோக்குகின்றனர் என்பது எம் கருத்து.

பொருள் இனிது விளங்குதற்பொருட்டு, யாழ்ப்பாணத்தினின்றும் கனடாவுக்குப் பெயர்ந்த குடும்பங்களை எடுத்துக்கொள்வாம். 1983-ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திற்குப்பின் இலங்கைத் தமிழர் பல நாடுகளுக்குச் சிதறினர். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர் நியூபவுண்டுலாந்துக் கரைக்கு அப்பால் மீனவரால் மீட்கப்பெற்ற செய்தியைப் பலரும் அறிவர். பின்வந்த ஆண்டுகளில் ரொறன்ரோ நகரும் அதன் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவும் தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் இடங்களாயின.

அங்ஙனஞ் சென்ற குடும்பமொன்று முதலாண்டில் எவ்வாறு வாழும்? உயர்ந்த மாடிக் கட்டடமொன்றில் ஓர் இருப்பிடம் வாடகைக்குக் கிடைக்கும். தந்தை உணவுச்சாலையின் அடுக்களையிலோ தொழிற்சாலையின் இரவு வேலையிலோ அமர்வார். உடன் உழைப்பாரும் பலவிடத்துத் தமிழரேயாதலின், ஆங்கிலம் அவர் நாவில் ஏற இடமில்லை. தாய் வீட்டகத்தே கைக்குழந்தையோடு இருப்பாள். ஒன்ராறியோ மாகாணத்தில் 6 வயது தொடங்கி 18 வயதுவரை கல்வி கட்டாயமாதலின், மூத்த பிள்ளை மட்டும் பகல் முழுதும் புதுமொழியின் நடுவே இருக்கின்றது. இரண்டொரு ஆண்டிற்குள் அதன் நா திருந்திவிடும். அதுமுதல், மின்கட்டணச் சீட்டைப் படிப்பது பிள்ளை. பனிக்காலத்தில் வீட்டு வெப்பக்கருவி இயங்கவில்லையென்று வீட்டுக்காரருக்கு முறையிடுவது பிள்ளை. வங்கியிலும் குடிவரவு அலுவலகத்திலும் மருத்துவர் முன்னிலையிலும் பேசுவதும் பிள்ளையே. பள்ளியாசிரியர் தந்தையை அழைத்துப் பிள்ளையின் குறைகளைக் கூறுங்கால், அவற்றைத் தமிழிற் பெயர்த்துத் தந்தைக்கு உரைப்பதும் அப்பிள்ளையே. அம்மொழிபெயர்ப்பு எத்துணை மெய்யாயிருக்குமென்பதை அன்பர்கள் தாமே உய்த்துணர்ந்து கொள்க.

இனி, தந்தைக்கு இழுக்கென்பார் கூற்றை முதற்கண் நோக்குவாம். உயிர் அறிவிக்க அறியும் இயல்பினது என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும், ஒளியின்றி அது காணாது. ஒளியுள்ள விடத்தும் உயிர் காட்டவே காணும். அவ்வுயிர்க்கும் காட்டுவோன் ஒருவன் உளன். காட்டுவாரின்றித் தானே அறிதல் எவ்வுயிர்க்கும் இல்லையாகலின், பிறர் காட்டத் தாம் அறிதல் இழுக்காமாறு யாங்ஙனம்? காட்டுவோர் வயதின் இளையராதலும் குற்றமன்று. சுவாமிமலையில் மைந்தன் உரைப்பத் தந்தை கேட்டருளிய வரலாற்றை அறியாத சைவர் யார்? ஆகவே, மகனிடம் கேட்டறியும் தந்தை நாணுதற்கு ஏதுவில்லை. நாணுவாராயின், அந்நாணம் நெடுநாள் நாணமாகவே நில்லாது. சினமாய்த் திரிந்து பிள்ளைமேற் பாயும். “நாலு சொல் ஆங்கிலம் தெரிந்தவுடன் பெரிய மனிதனாகிவிட்டாயோ?” என்று கடியும் தந்தையர் உளர். அவர் கடிவது உண்மையிற் பிள்ளையை யன்று.

அற்றேல், கெட்டித்தனமென்று மெச்சுவார் கூற்று வென்றதோ எனின், அன்று. சொல்லை அறிதல் வேறு. சொல் கொணரும் பொருளின் பாரத்தைத் தாங்குதல் வேறு. தாயின் மார்பிற் கட்டி ஒன்று இருக்கின்றது. சோதனை முடிந்து மருத்துவர் அது புற்றென்று கூறுகின்றார். அருகில் நிற்பது பத்து வயதுப் பெண். அச்சொல்லை அவள் தமிழிற் பெயர்த்தல் வேண்டும். பெயர்த்தாளாயின், தாயின் முகம் மாறுவதைத் தன் சொல்லால் நிகழ்ந்ததாகவே அவள் நெஞ்சு கொள்ளும். அஞ்சி மறைத்தாளாயின், தன் உடம்பைப்பற்றித் தானறிய வேண்டிய மெய்யைத் தாய் இழப்பாள். அவ்வளவோடும் நிற்பதன்று. “அறுவை செய்வதா, மருந்து கொடுத்துப் பார்ப்பதா?” என்று மருத்துவர் கேட்கத் தாய் மகளின் முகத்தை நோக்குகின்றாளே, அந்நோக்கிலேதான் அறம் பிழைபடுகின்றது. மொழிபெயர்ப்பவள் அந்நொடியில் முடிவு செய்பவளும் ஆகிவிட்டாள். பத்து வயதில் அதனை ஏற்றவள், இருபது வயதில் எவ்வளவு கெட்டிக்காரியாயினும், தான் பிள்ளையாயிருந்த காலமொன்று உண்டென நினைக்க மாட்டாள்.

இவ்வுண்மையை ஆட்சியாளர் ஓரளவு கண்டுள்ளனர். கனடாவின் 1982-ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்து 14-ஆம் பிரிவு, வழக்கு விசாரணையில் மொழியறியாதார்க்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை வழங்குகின்றது. வாழ்வின் பெரும்பகுதியோ நீதிமன்றத்துக்கு வெளியே கழிவது. அண்டை நாடாகிய அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2016-ஆம் ஆண்டு இயற்றிய விதி ஒன்று, அரசின் பொருளுதவி பெறும் மருத்துவ நிலையங்கள் ஆபத்துக் காலமொழிய ஏனைக் காலங்களிற் சிறுவரை மொழிபெயர்ப்பாளராகக் கொள்ளலாகாதென்று தடுக்கின்றது. மருத்துவமனைக்கு விதி செய்யலாம். வீட்டுக்கு விதி செய்வார் வீட்டாரே.

“வயிற்றுப்பாட்டுக்கு இரவும் பகலும் உழைப்பவர் வேறு என் செய்வர்? ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடில் அந்நாட் கூலி போயிற்றே” என வினவுவார்க்கு யாம் கூறுவது: வந்த புதிதில் வேறு வழியின்றிப் பிள்ளையைத் துணைக்கொண்டாரை யாம் குறைகூறவில்லை. முதலாண்டின் இடுக்கண் பத்தாம் ஆண்டின் வழக்கமாய் உறைந்துவிடுதலையே குறையென்கின்றோம்.

திருஞானசம்பந்தர் வரலாற்றில் இதற்கு ஒளி கிடைக்கின்றது. சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தையின் வாயிற் பால்வழியக் கண்ட சிவபாதவிருதயர், யார் தந்த பாலென்று கோலெடுத்து வெகுண்டார். தந்தைக்குக் காட்டியது குழந்தையின் விரல். அதன்பின் அத்தந்தை செய்தது யாது? திருநனிபள்ளிக்குச் செல்லுங்கால் அக்குழந்தையைத் தம் தோள்மீது சுமந்து சென்றார். ஞானம் மகவினுடையது, வழிநடை தந்தையினுடையது. “எம் குழந்தை எல்லாம் அறிந்தது, இனி அது நடக்கட்டும்” என்று அவர் பின்தங்கவில்லை.

ரொறன்ரோவிலுள்ள தந்தை சுமக்கக்கூடியது யாதெனின், கற்றலே. 1992-ஆம் ஆண்டு தொடங்கிக் கனடாவின் மத்திய அரசு, புதிதாகக் குடியேறிய பெரியோர்க்குக் கட்டணமின்றி ஆங்கிலம் கற்பிக்க ஏற்பாடு செய்து வருகின்றது. குடியுரிமை பெற்றபின் அவ்வகுப்பிற் சேர இயலாதாகலின், பின்னர்ப் பார்த்துக்கொள்வோமென்று தள்ளுவார் அவ்வாய்ப்பை இழப்பர். வகுப்பிலிருந்து மீண்டு, எழுதியதை மகளிடம் காட்டித் திருத்தம் கேட்பாராயின், அப்போதும் காட்டுபவள் மகளே. ஆயின் அவள்மேற் பாரமொன்றும் ஏறவில்லை. மருத்துவரிடம் செல்லும் நாளில், ஆங்கிலம் அறிந்த மாமனையோ அயல்வீட்டுப் பெரியவரையோ உடன்கொள்க. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் உளரா என்று கேட்கவும் கூசவேண்டா.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கின்றது. மொழிபெயர்க்கும் பிள்ளைக்குத் தமிழ் மறவாது. அப்பணியை நீக்கின் தமிழும் உடன்போமே என்று சில தாய்மார் அஞ்சுகின்றனர். அச்சம் பொருளற்றதன்று. எனினும், கட்டணச் சீட்டிலும் கடன் பத்திரத்திலும் பயின்ற தமிழ், பிள்ளைக்குக் கவலையின் மொழியாகவே நெஞ்சிற் படியும். தாய்க்கு வாடகை நிலுவையைச் சொல்லிய அதே நாவால், பாட்டிக்கு ஊர்க்கடிதத்தைப் படித்துக் காட்டவும், தங்கைக்குக் கதை சொல்லவும், வெள்ளிக்கிழமை மாலையிற் பதிகம் ஓதவும் பிள்ளைக்கு வீட்டில் நேரம் ஒதுக்குக. நேரம் எங்கே என்பார், மொழிபெயர்ப்புக்கென்று அதே பிள்ளையிடம் ஒரு வாரத்திற் பெற்ற நாழிகைகளை எண்ணிப் பார்க்கட்டும்.